தவணைக்காரருக்கு வைத்த காராச்சேவு

மே 2, வெள்ளி

இன்று காலை ஒரே ஒரு விரலால் ஒரு கட்டிலை வாங்கினேன். பைசா செலவில்லை. அலெக்சாண்டர் பாதி உலகத்தைப் பிடித்தபோதுகூட அவருக்கு இரண்டு கையும் ஒரு குதிரையும் தேவைப்பட்டன.

பிற்காலத்தில் இந்த டைரியைத் தோண்டியெடுத்துப் படிக்கப்போகும் ஆராய்ச்சியாளர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெத்தணன், பெத்தணன் சவுண்ட் சர்வீஸ், நாகல் நகர், திண்டுக்கல். ஆட்டோவில் உட்கார்ந்து "வருகிறார், வருகிறார்" என்று நான் சொன்ன பிறகுதான் பல பெரிய மனிதர்கள் வந்தார்கள். நான் சொல்லாமல் விட்ட சிலர் இன்றுவரை வரவே இல்லை. என் குரல் மலைக்கோட்டையில் மோதித் திரும்பினால் வத்தலக்குண்டில் தொட்டில் குழந்தை முழித்துக்கொள்ளும். மாடியில் நான். கீழே அக்கா ராக்கம்மாளும் அவள் மகள் சுபத்ராவும். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் என் குரலோடு போட்டி போட யாரும் முன்வராததுதான். மற்றதெல்லாம் வதந்தி.

சுபா பிசியோதெரபி படித்தவள். இரண்டு வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர்களின் முழங்காலையும் முதுகையும் நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் காஜா பாயின் கடையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக கிளினிக் வைக்கப் போகிறாள். பேங்கில் லோன் கேட்கப் போகிறாள். நேற்று ராத்திரி சாப்பாட்டில் அக்காவிடம், "மொதல்ல மெஷினு. பேஷண்டு படுக்குற கட்டில் லோனு வந்தப்பறம் பாத்துக்கலாம்மா, தரையில பாய விரிச்சு சமாளிப்பேன்" என்றாள்.

பெத்தணனின் மருமகள் பாயை விரிப்பதா? என் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. கண்ணில் இருந்து விழுந்தது என்று எழுத மாட்டேன். அக்காவின் கைவாகு அப்படி.

சுபா தன் பழைய போனை சிம்மோடு எனக்குக் கொடுத்திருக்கிறாள். அதில் கடை இருக்கிறது, கடைக்குள் உலகமே இருக்கிறது. "பிசியோ கட்டில்" என்று தட்டினேன். மடக்குகிற கட்டில், கறுப்பு மெத்தை, முகத்தைப் புதைத்துக்கொள்ள ஓட்டை. விலை பதினோராயிரத்துச் சொச்சம். பக்கத்திலேயே ஒரு பொத்தான்: "பொறகு குடுங்க. மூணு தவணை." திண்டுக்கல்காரன் எவனோ பெங்களூரில் உட்கார்ந்து எனக்காகவே செய்த பொத்தான். அழுத்தினேன். சம்மதமா என்றது, சம்மதம் என்றேன். மறுபடி கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டது. கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் இத்தனை தடவை கேட்டதில்லை. ஒரு நம்பர் வந்தது, அதையும் போட்டேன். முடிந்தது.

திறப்பு விழா அன்று மைக்கில் அறிவித்துக் கட்டிலைக் கொண்டுவந்து இறக்குவேன். அதுவரை என் வாய் திண்டுக்கல் பூட்டு.

மே 9

கட்டில் வந்தது. குடோனில் குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மறைத்தாயிற்று. தரப் பரிசோதனைக்காகப் படுத்துப் பார்த்தேன். பரிசோதனை மாலை ஐந்து மணிவரை நீடித்தது.

ஜூன் 5, வியாழன்

இன்று முதல் தவணை. காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பணத்தை எண்ணி மடியில் வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பிளாஸ்கில் டீ, எவர்சில்வர் தட்டில் காராச்சேவு. தவணைக்காரர் வரவேண்டுமே.

நம் வீட்டில் மிக்ஸி, பீரோ, அக்காவின் குக்கர், என் முதல் ஆம்பிளிஃபயர் என்று எல்லாமே தவணையில் வந்தவை. திங்கட்கிழமை தவறாமல் தவணைக்கார அண்ணாச்சி டிவிஎஸ்ஸில் வந்து ஹாரன் அடிப்பார். ஒரு டம்ளர் டீ, ரெண்டு வாய் காராச்சேவு, ஊர்க்கதை, பிறகு பணம். கொடுத்தவர் தேடி வருவார், வாங்கினவன் வீட்டில் இருப்பான். இதுதான் மரியாதை. நாமாகப் போய்ப் பணத்தை நீட்டினால், 'நீ வருவாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும்.

மத்தியானம்வரை வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. பெங்களூரில் இருந்து டிவிஎஸ்ஸில் வந்தால் தாமதம் ஆகத்தான் செய்யும்.

அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். "யாருக்குடா இம்புட்டு ஜோடனை? பொண்ணு பாக்க வாராகளா?"

"ஒரு வியாபார விஷயம்க்கா."

"அப்ப அந்தக் காராச்சேவ உள்ள வையி. நமுத்துரும்."

ஜூன் 7

ஒரு பெண் போன் செய்தாள். கரும்புச்சாறு மாதிரிக் குரல், ஆனால் முழுக்க இங்கிலீஷ். "வாங்கம்மா, நல்லா இருக்கீகளா? வீட்டுக்கே வந்துருங்க, ஞாயித்துக்கிழம ஃப்ரீயாத்தான் இருப்பேன்" என்றேன். நான் பேசப் பேச அவளும் பேசிக்கொண்டே இருந்தாள். முப்பது வருட மேடை அனுபவத்தில் எனக்குக் குறுக்கே பேசிய முதல் ஆள் இவள்தான். முடிவில் 'ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து' என்றாள். ஒரு பெண்மணி சொல்லி நான் தட்டியதில்லை. ஒன்றையும் அழுத்தினேன், இரண்டையும் அழுத்தினேன்.

ஜூன் 18

கரும்புச்சாறு மறுபடி அழைத்தாள். குடும்ப விஷயம் எல்லாம் சொன்னேன். பதிலுக்கு அவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழுத்தக்காரி.

ஜூலை 5, சனி

இரண்டாம் தவணை. நாற்காலி, டீ, காராச்சேவு. இரண்டு தவணைப் பணமும் மடியில் இருந்து கனத்தது. ஒரு ஈ வந்தது. ஆள் வரவில்லை.

ஒரு சந்தேகம் தட்டுகிறது. அந்தக் கம்பெனி பெரிய மனதோடு என்னை மறந்துவிட்டதோ? இருக்காது. பெத்தணனை யார் மறக்க முடியும்?

ஜூலை 14, திங்கள்

வீட்டில் இடி.

சுபா பேங்கில் இருந்து திரும்பினாள். பையைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தாள். அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"லோன் கெடையாதாம்மா."

"ஏன்டி? எல்லாப் பேப்பரும் குடுத்தியே?"

"என் பேர்ல ஏற்கனவே ஒரு கடன் இருக்காம். ரெண்டு தவணை கட்டலையாம். விந்தியா கிரெடிட்டுன்னு ஒரு கம்பெனி. நான் கேள்விப்பட்டதுகூட இல்ல. மேனேஜர் மேடம் நல்லவங்க, ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுனாங்க. செவப்பா இருக்கு. ஏழாயிரத்துச் சொச்சத்துக்காக நாலு லட்சம் போச்சு."

காஜா பாய் ஆடி முடியும்வரைதான் கடையை நிறுத்தி வைப்பார். அதற்குள் அட்வான்ஸ் போகாவிட்டால் ஒரு பிரியாணிக்காரர் தயாராக நிற்கிறார். திண்டுக்கல்லில் மூச்சு விட இருக்கிற இடத்தில் எல்லாம் பிரியாணிக் கடை வந்துவிட்டது, இதுவும் போனால் மூச்சையும் தம் போட்டுத்தான் விடவேண்டும். போதாததற்கு சுபா ஆஸ்பத்திரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். கடையும் இல்லை, வேலையும் இல்லை என்று ஆகிவிடும்.

யாரோ ஒரு அயோக்கியன் என் மருமகள் பேரில் கடன் வாங்கியிருக்கிறான்! எனக்கு வந்த கோபத்தில் சீலிங் ஃபேன் தானாகச் சுற்றியது. கரண்டு அப்போதுதான் வந்தது என்கிறாள் அக்கா.

ஜூலை 16

நான் களத்தில் இறங்கிவிட்டேன். "சுபா, அந்தத் திருட்டுப்பய மட்டும் என் கையில கெடச்சான், நாலு குழா ஸ்பீக்கருக்கு நடுவுல கட்டி வச்சு, ஒரு மண்டலம் ஆடிப் பாட்டா போட்டு அவன் காதக் கிழிச்சுப்புடுவேன்" என்றேன்.

"வேணாம் மாமா. அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கு" என்றாள். லேப்டாப்பில் உட்கார்ந்து ரிசர்வ் பேங்கின் விதிகளைப் படித்து எங்களுக்குச் சொன்னாள். இப்போதெல்லாம் போனில் பொத்தானை அமுக்கி வாங்குவதும் கடன்தானாம். முன்னால் ஒரு ஆப்பு பல்லைக் காட்டும், பின்னால் வேறு ஒரு கம்பெனி பணம் கொடுக்கும். இரண்டு பேர் பெயரையும் சொல்லவேண்டும். வட்டி, அபராதம் எல்லாவற்றையும் ஒரே தாளில், வாங்குபவருக்குப் புரிகிற பாஷையில், முன்கூட்டியே காட்டவேண்டும். அதில் இல்லாத காசை ஒரு பைசாகூட கேட்கக்கூடாது. போனுக்குள் புகுந்து சொந்தக்காரர் நம்பரை எடுக்கக்கூடாது. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக்கூடாது.

கேட்கக் கேட்க எனக்கு மெய் சிலிர்த்தது. இப்படி ஒரு அறிவிப்பை நான் மைக்கில் படித்தால் என்ன கம்பீரமாக இருக்கும்! கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தேன். ரிசர்வ் பேங்கு கவர்னர் காதில் விழுந்திருந்தால் உடனே என்னை திண்டுக்கல் கிளைக்கு நியமித்திருப்பார். இங்கே அவர்களுக்குக் கிளை இல்லை என்பது வேறு விஷயம்.

"ஆனா கடன் எவ்வளவு சின்னதா இருந்தாலும் கட்டலேன்னா எல்லா பேங்கும் பாக்குற பதிவுல ஏறிரும் மாமா. அதுவும் ரூல்தான்" என்றாள் சுபா. "சனிக்கெழம சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுத்துருவேன். எந்த போன்ல, எந்த எடத்துல இருந்து வாங்குனாங்கன்னு போலீஸே கண்டுபிடிச்சிரும்."

"சபாஷ்!" என்றேன். "நானும் கூட வாரேன். எஃப்ஐஆர மைக்குல வாசிக்கிறேன்."

ஜூலை 19, சனி

எழுத உட்கார்ந்து நெடுநேரமாகிறது. எழுதுகிறேன்.

காலை ஆறேகாலுக்கு அக்காவின் போன் அடித்தது. கீழே இருந்து அக்கா "சுபா, யாருன்னு பாரு" என்று கத்துவது கேட்டு நானும் இறங்கி வந்தேன். சுபா ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு முரட்டுக் குரல்.

"சுபத்ராவோட அம்மாதானே? ஒங்க மக கடன வாங்கிட்டு ஊர ஏமாத்துது, தெரியுமா?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மச்சான் போன அன்று.

சுபா நிதானமாகக் கேட்டாள். "சார், மணி ஆறேகால். எட்டு மணிக்கு முன்னால கூப்புடக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்க அம்மா நம்பர் ஒங்களுக்கு எப்பிடிக் கெடச்சுச்சு?"

"ரூல்ஸ் பேசாதம்மா. 'பொறகு' ஆப்புல வாங்குனேல்ல? வாங்கும்போது இனிச்சுச்சுல்ல?"

பொறகு என்ற சொல் என் காதில் விழுந்ததும் என் இடது கால் மட்டும் மாடிப்படி ஏற ஆரம்பித்தது.

"நான் எதுவும் வாங்கல சார். என்ன வாங்குனதா இருக்கு?"

"மடக்குக் கட்டில். பிசியோதெரபிக் கட்டில். மே மாசம் ரெண்டாந் தேதி. டெலிவரி..." அந்தப் பாவி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். "பெத்தணன் சவுண்டு சர்வீசு குடோன், நாகல் நகர்."

அக்கா என்னைப் பார்த்தாள். சுபா என்னைப் பார்த்தாள். சுவரில் இருந்த மச்சானின் போட்டோவும் என்னைப் பார்த்தது.

மேற்கொண்டு நடந்ததை எழுத இந்தப் பேனாவில் மை போதாது.

ஜூலை 20

மை இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை. சுபா, "அவரச் சாப்புடச் சொல்லும்மா" என்று அக்கா வழியாகச் சொன்னாள். அவர் சாப்பிடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஆடிக்கூழுக்கு மைக் கட்டிவிட்டு வந்தால், குடோன் கதவு திறந்து கிடக்கிறது. தார்ப்பாய் தரையில். கட்டில் விரித்திருந்தது. அதன் மேல் சுபா படுத்து, ஓட்டைக்குள் முகத்தை வைத்திருந்தாள்.

நான் இருமினேன்.

"மாமா." தரையைப் பார்த்தே பேசினாள். ஓட்டைக்குள் இருந்து வரும் குரல் எதிரொலித்தது. "ஒயரம் ரெண்டு இஞ்சு கூட."

"கால அறுத்துருவோம்."

"யார் கால?"

அதற்கு மேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லை போலும்.

"காலேஜ்ல லேப் கோட்டு வாங்க அந்த ஆப்ப ஒரு தடவ தொறந்தேன். அதுல என் பேரு, என் பான் நம்பர் எல்லாம் அப்பிடியே இருந்துருக்கு. அத மூடாம ஒங்க கையில குடுத்தது என் தப்பு. ஆனா ரெண்டு மாசமா மெசேஜ் வந்துருக்கே மாமா, ஏன் கட்டல?"

"ஆளு வருவான்னு பாத்தேன் கண்ணு."

"எந்த ஆளு?"

தவணைக்காரர், நாற்காலி, டீ, காராச்சேவு எல்லாம் சொன்னேன். "அப்ப அந்தப் பணம்?" என்றாள். மடியில் இருந்து எடுத்துக் காட்டினேன். வேர்வையில் நனைந்து ஆடி மாதத்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

"அந்தத் தாளையாவது படிச்சீங்களா? சம்மதம் கேட்டப்ப?"

"என்னது, தாளா? மூணு தடவ கேட்டுச்சு. மரியாதைக்கு மூணு தடவயும் சரின்னேன்."

இருவரும் உட்கார்ந்து போனில் இருந்த அந்தத் தாளைத் தமிழிலேயே படித்தோம். அடடா, எல்லாம் போட்டிருக்கிறான். தவணைத் தேதி, தாமதக் கட்டணம், பின்னால் இருக்கும் விந்தியா கிரெடிட்டின் பெயர், மனசு மாறினால் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு. ஆனால் இப்போது கேட்கிற 'வசூல் அலைச்சல் கட்டணம்' ஆயிரத்து நூறு அதில் எங்கேயும் இல்லை.

சுபாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கட்டவேண்டியத நாம கட்டுவோம். கட்டக்கூடாதத கட்ட மாட்டோம்" என்றாள். விந்தியா கிரெடிட்டின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் எழுதினாள். என் ஆலோசனையின் பேரில் "மாட்சிமை தாங்கிய அதிகாரி அவர்களே, பொதிகை மலைச் சாரலிலே..." என்று தொடங்க இருந்தது. ஏனோ அதை அழித்துவிட்டு நான்கு வரியில் முடித்தாள். ஆறேகால் மணி அழைப்பு, அம்மாவின் நம்பர், தாளில் இல்லாத கட்டணம், பதிவைத் திருத்தவேண்டியது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று முடித்தாள். காஜா பாய்க்கு முப்பது நாள் பொறுமை கிடையாது என்பதை மட்டும் எழுதவில்லை.

ஜூலை 25, வெள்ளி

வந்தார்! வந்தேவிட்டார்!

காலை பதினோரு மணி. பைக் சத்தம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கம்பெனிக் கடிதம், முகத்தில் பயம். "சார், விந்தியா கிரெடிட். ஜெபசீலன். வசூலுக்கு வந்திருக்கேன். நேரத்துலதான் வந்திருக்கேன் சார், மணிய பாத்துக்கங்க."

கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதம் காத்திருந்தவன் வேறு என்ன செய்வான்? வாசலில் நாற்காலி, பிளாஸ்க், தட்டு எல்லாம் பறந்து வந்தன. "ஒக்காருங்க தம்பி! எடுங்க! ஊரு எது?"

"இந்தா பக்கத்துல ஆத்தூர்தான் சார். என்ன சார், திட்ட மாட்டீங்களா? போன்ல ஒருத்தன் வாய விட்டான்னு கம்ப்ளெயின்ட் போயி, அவன நிறுத்திட்டாங்க. இந்த வீட்டுக்கு என்னையப் போகச் சொன்னப்ப, ஹெல்மெட்ட கழட்டாமப் போன்னாங்க."

மடியில் இருந்து பணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாழ்நாளின் உன்னதத் தருணம். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அய்யய்யோ சார்! கையில காசு வாங்கக்கூடாது. வேலை போயிரும். கடன் குடுத்த கம்பெனி அக்கவுண்டுக்கே போகணும். லிங்க் அனுப்புறேன்."

"அப்ப எதுக்குத் தம்பி வந்தீக?"

அவர் யோசித்தார். "ஞாபகப்படுத்த சார்."

ஒரு டிவிஎஸ்ஸும் வராமல் காலம் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது! ஆள் வந்தால் பணம் வாங்க மாட்டான், பணம் வாங்குகிறவனுக்கு ஆள் கிடையாது.

அக்காதான் முடித்து வைத்தாள். "பணத்த எங்கிட்ட குடுடா, என் அக்கவுண்டுல இருந்து சுபா போட்டு விடட்டும்" என்றாள். இரண்டு தவணை, தாளில் இருந்த தாமதக் கட்டணம், கூடவே வரப்போகும் மூன்றாவது தவணை எல்லாம் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தன. அலைச்சல் கட்டணம் போகவில்லை.

ஜெபசீலன் எழுந்தபோது இடுப்பைப் பிடித்து முகம் சுளித்தார். சுபா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வலது கால்ல பின்பக்கமா இழுக்குதாண்ணே?"

"எப்பிடிக்கா கண்டுபிடிச்சீக? பைக்குலயே கெடக்கேன்."

"பின்பாக்கெட்டுல என்ன?"

பர்ஸ். எடுத்தார். விசிட்டிங் கார்டு, ரசீது, மாதா படம், தேய்ந்துபோன சாவி என்று ஒரு செங்கல் அளவு. "நாள் பூரா இது மேல உக்காந்துதான் ஓட்டுறீங்க. மொதல்ல அத முன்னால மாத்துங்க. கிளினிக் தொறந்ததும் வாங்க" என்றாள்.

"கிளினிக்கு எப்பக்கா?"

"அது ஒங்க ஆபீஸ் கையிலதான் இருக்கு."

அவர் காராச்சேவைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஆபீசுக்கு அங்கேயே போன் செய்தார். "சார், இவங்க முழுசாக் கட்டிட்டாங்க. கம்ப்ளெயின்ட்டும் நெசந்தான். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார், நல்ல குடும்பம். டீ குடுத்தாங்க."

ஆகஸ்ட் 1

பதில் இல்லை. காஜா பாய் வீட்டுக்கு வந்து, "பிரியாணிக்காரரு டேப்ப எடுத்துட்டு அளக்க வந்துட்டாரு பெத்தணா, நான் என்ன சொல்ல?" என்றார். அடுத்த தர்கா உரூஸ் திருவிழாவுக்கு மைக் செட் இலவசம் என்றேன். "எத்தன நாளைக்கு?" என்று கேட்டார். அவர் கொண்டாடுவதே மூன்று நாள், நான் ஒரு மாதம் என்றேன். சிரித்துக்கொண்டு போனார். ஆடி முடிய அவகாசம் இருக்கிறது, ஆடிக்கு மேல் ஒரு நாளும் இல்லை.

ஆகஸ்ட் 5

சுபா லேப்டாப்போடு மாடிக்கே ஓடி வந்தாள். அலைச்சல் கட்டணம் ரத்து. ஆறேகால் மணி அழைப்புக்கு வருத்தம். பாக்கி எதுவும் இல்லை என்று கடிதம். திருத்தம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேங்குகளுக்குப் போகும் பதிவில் சேர்ந்துவிடுமாம். நான் அந்தக் கடிதத்தை மைக்கில் படிக்க அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. மைக் இல்லாமல் படித்தேன், தெருவுக்கே கேட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேங்கு. நானும் போனேன். மேனேஜர் மேடம் கடிதத்தைப் படித்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்தக் கட்டில் வாங்குனவர் நீங்கதானா?"

"அடியேன்தான்."

"கட்டில் இப்ப கையில இருக்கா?"

"ஜம்முனு இருக்கும்மா. நானே படுத்து..."

"அப்ப எஸ்டிமேட்டுல இருந்து கட்டில் தொகையக் கழிச்சிடுறேன்" என்று பேனாவால் ஒரு கோடு போட்டார். லோன் நாலு லட்சத்தில் இருந்து பதினோராயிரம் குறைந்து சாங்ஷன் ஆனது. "பதிவு திருத்துனதும் பணம் ஏறிரும். கடை ஓனருக்கு சாங்ஷன் லெட்டரக் காட்டுங்க, போதும்."

வெளியே வந்ததும் சுபா, "மாமா, கழிச்சிட்டாங்க பாருங்க" என்றாள். ஆனால் என் கையை விடவே இல்லை, ரோட்டைத் தாண்டும்வரை. ரோடு நெரிசலாக இருந்ததால் இருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணியில் திறந்தாயிற்று! சுபத்ரா பிசியோதெரபி கிளினிக். நாலு பக்கமும் குழாய், நடுவில் நான். என் அறிவிப்பைக் கேட்டுக் கொடைக்கானலில் மேகம் கலைந்ததாகச் சொல்கிறார்கள். கட்டிலை மாலை போட்டு ஆட்டோவில் ஊர்வலமாகக் கொண்டுவந்தேன். காலில் இரண்டு அங்குலம் அறுத்தாயிற்று. என் காலில் அல்ல.

முதல் பேஷண்ட் ஜெபசீலன். பர்ஸ் முன்பாக்கெட்டில். சுபா அவரைக் கவிழ்த்துப் போட்டாள். ஓட்டை வழியாக, "அக்கா, இதுதான் அந்தக் கட்டிலா?" என்ற குரல் வந்தது.

"இதேதான்."

"நல்ல கட்டில்கா. இதுக்கு நான் வசூலுக்கு வந்திருக்கவே கூடாது."

அரை மணியில் நிமிர்ந்து நின்றார். எனக்கே அவர் ஒரு முழம் வளர்ந்த மாதிரி தெரிந்தது. முந்நூறு ரூபாய். போனை எடுத்தார், தட்டினார், சுற்றினார், வாசலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, நெட்டு வரல. கையிலயும் இல்ல." காது சிவந்து போனது. "பொறகு குடுக்கட்டுமா?"

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சுபா என்னைப் பார்த்தாள். நான் என் வாழ்க்கையிலேயே முதன்முறையாக மைக்கை அணைத்தேன்.

"சரிண்ணே" என்றாள் சுபா. "மாமா வந்து வாங்கிக்குவாரு."

ஆகஸ்ட் 21, வியாழன்

வசூலுக்குக் கிளம்பினேன். விதிகளை வரிக்கு வரி கடைப்பிடித்தேன். எட்டு மணிக்கு முன்னால் வீட்டைவிட்டு இறங்கவில்லை. கழுத்தில் சவுண்ட் சர்வீஸ் அட்டை. வழியில் அவருடைய சொந்தக்காரர் யாரிடமும் விஷயம் சொல்லவில்லை. யார் அவருடைய சொந்தக்காரர் என்று தெரியாததால் ஆத்தூர் பஸ்ஸில் ஒருவரிடமும் பேசவில்லை. எனக்கு அது எத்தனை பெரிய தவம் என்று அந்த பஸ்ஸுக்குத்தான் தெரியும்.

வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு. வாசலில் நாற்காலி போட்டிருந்தது. ஜெபசீலன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க், ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டு நிறைய காராச்சேவு.

"காலைல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன் சார்" என்றார். "ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். டீ ஊற்றினார். ஊர்க்கதை பேசினோம். அவர் அம்மா வந்து பேசினார், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பொழுது போனதே தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்து ஏறி, நாகல் நகரில் இறங்கியபோதுதான் நினைவு வந்தது. பணத்தை வாங்கவில்லை.

நாளை மறுபடி போகவேண்டும். எட்டு மணிக்கு மேல்.